வெள்ளிக்கிழமைக்கு முன் நிற்க வேண்டும்

ஹ்விடோவ்ரே
25 ஜனவரி 2009

மச்சாள் அவர்களுக்கு,

செப்டெம்பருக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. சமாதானம் பேச எழுதவில்லை. அபிநயாவின் சாமத்தியச் சடங்கு நாளில் நடந்தது பற்றி என் கருத்து மாறவும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை "நை, மோர்", வேண்டாம் அம்மா, என்று டெனிஷில் கெஞ்சி, வாயைப் பொத்திக்கொண்டு அழும்போது அவள் தொண்டையில் பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் ஊற்ற நான் விடமாட்டேன். ஆனால் வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க அதைக் கழுவுதொட்டிக்குள் கொட்டியிருக்கத் தேவையில்லை. அவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

விடயம் வேறு. நேற்று இங்கே நகரசபை முன்றலில் நடந்த போராட்டத்துக்கு பிரெடெரிசியாவிலிருந்து இரண்டு பேருந்துகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். பவளராணி அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "தங்கச்சி, உங்களிட்ட பாட் இருக்கோ?" என்று கேட்டார். மகளுக்காக என் பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்த பிறகுதான் யோசித்தேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

"அக்கா, உங்களுக்கு எப்ப நிண்டது?"

"ஆறு வருசமாச்சு. இப்ப திரும்பவும் வந்திட்டுது. மங்கை மருந்து தாறா, குறையுது."

இருபது வருடமாக ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் சதைத் துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது என் வேலை. நின்று ஆறு வருடத்துக்குப் பிறகு வரும் இரத்தம் மாதவிடாய் அல்ல. அநேகமாக அது ஆபத்தில்லாத காரணமாகவே இருக்கும். ஆனால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றுநோய். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கருப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். நீங்கள் அந்த இரத்தத்தை நிறுத்தினால் வைத்தியருக்குக் காட்ட ஒன்றும் இராது. உள்ளே இருப்பது மட்டும் இருக்கும்.

அவரை உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

தொலைபேசியில் சொல்லியிருப்பேன். வன்னியிலிருந்து அழைப்பு வரலாம் என்பதால் உங்கள் வீட்டில் யாரும் லைனைப் பிடித்து வைத்திருப்பதில்லை என்று உங்கள் தம்பி சொன்னார்.

நிரஞ்சலா


பிரெடெரிசியா
29.01.2009

நிரஞ்சலாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பிழையை ஒப்புக்கொள்ளும்போதும் ஆய்வுகூட அறிக்கை மாதிரித்தான் எழுதுகிறீர். என் தம்பி எப்படித்தான் உம்மோடு இருபது வருடம் குடும்பம் நடத்துகிறானோ! போகட்டும்.

நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் நீர் கேட்டதில்லை. ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் எங்கள் ஆட்களிடம் முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் இருக்கின்றன. பிள்ளை பெற்றால் சரக்குத் தண்ணி இருக்கிறது. நிற்கிற காலத்துக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வாய்விட்டுச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் குளிரறைக்குள் நின்று வேர்த்துக் கொட்டுகிறவர்கள், காரணமில்லாமல் மனுசனைக் கண்டால் எரிகிறவர்கள், நித்திரை இல்லாதவர்கள், சனிக்கிழமைகளில் பதினான்கு பேர் என்னிடம் வருகிறார்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, எந்த மூலிகை எந்த வயதுக்கு என்று சொல்லுகிறேன். ஓடென்சேயில் இரண்டு வருடம் வார இறுதியெல்லாம் போய் மூலிகை வைத்தியம் படித்தேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறவள் இல்லை நான்.

பவளராணி அக்காவை நான்தான் முதலில் வைத்தியரிடம் அனுப்பினேன். அது உமக்குத் தெரியாது. அவவின் மகள் வதனரூபி வன்னிக்குள் இருக்கிறாள், வயிற்றில் எட்டு மாதம். மகள் வன்னியை விட்டு வெளியே வரும்வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அம்மனுக்கு விளக்குப் போடுகிறேன் என்று அக்கா நேர்த்தி வைத்திருக்கிறா. கிளிநொச்சி விழுந்த அன்று அவவுக்கு இது தொடங்கியது. ஏழாம் திகதி வைத்தியரிடம் போய்விட்டு வந்தா.

"என்ன சொன்னீங்கள்?"

"தலையிடி எண்டன். குளிசை தந்தவர்."

"ஏனக்கா?"

"ஏனோ? தொல்க்காக வந்து பக்கத்தில இருந்தது கோணேஸ்வரன் அண்ணை. கோயில்ல எனக்கு விபூதி தாற மனுசன். அவரிட்டயோ என்ர கர்ப்பப்பைக் கதையைச் சொல்லச் சொல்லுறாய்? பிறகு நான் எந்த முகத்தோட கைய நீட்டுறது?"

எங்கள் ஊரில் தமிழுக்கு அவரை விட்டால் வேறு தொல்க், வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைக்கு முன் இது நிற்க வேண்டும். இரத்தம் படுகிற உடம்போடு கோயிலுக்குள் போகேலாது, நேர்த்தி முறிந்துவிடும். மாதுளம் தோல், வாழைப்பூ, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பதினாறாம் திகதி வெள்ளி, நின்றுவிட்டது. போய் விளக்குப் போட்டுவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறா, தொலைபேசி அடிக்கிறது. மூன்று நிமிடம். "அம்மா, உயிரோட இருக்கிறம்."

இப்போது அவவின் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. இரத்தம் நின்றால் பிள்ளை கதைக்கும். அந்த முடிச்சை நான் போடவில்லை. அவிழ்க்கிற துணிவும் எனக்கில்லை.

உமக்கும் வேர்க்கிறதாகத் தம்பி சொன்னான். பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி குடியாதேயும். எள்ளுருண்டை அனுப்புகிறேன். கொட்டுவதென்றால் ஆட்களுக்கு முன்னால் கொட்டாதேயும்.

மங்கையற்கரசி


ஹ்விடோவ்ரே
4 பெப்ரவரி 2009

மச்சாள் அவர்களுக்கு,

எள்ளுருண்டைக்கு நன்றி. அபிநயா முடித்துவிட்டாள்.

பவளராணி அக்கா ஏன் தலையிடி என்று சொன்னார் என்பது எனக்கு விளங்குகிறது. அதற்காகத்தான் இத்துடன் டெனிஷில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவர் வாய் திறக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று தனியே போய் வைத்தியரிடம் நீட்டினால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரத்தத்துக்கும் அந்த அழைப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். உங்களுக்கு இருக்கும் செல்வாக்கை இதற்காவது பயன்படுத்துங்கள்.

நிரஞ்சலா


பிரெடெரிசியா
22.02.2009

நிரஞ்சலா,

உம்முடைய டெனிஷ் கடிதத்தை வாசித்தேன். எனக்கும் டெனிஷ் வாசிக்கத் தெரியும். "இவர் நான்கு வாரமாக, தகுதி எதுவும் இல்லாத ஒருவர் கொடுக்கும், என்ன சேர்ந்தது என்று தெரியாத கஷாயத்தைக் குடித்து வருகிறார்." என்ன சேர்ந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே? அது ஒரு நோயாளிக்காக எழுதிய கடிதம் இல்லை. எனக்கு எதிராக எழுதிய கடிதம். வைத்தியர் அதை வாசித்துவிட்டு யார் அந்த ஆள் என்று கேட்பார். அக்கா பெயரைச் சொல்லுவா. பிறகு சனிக்கிழமைகளில் யார் என் வீட்டுக்கு வருவார்கள்? 

நான் அதைக் கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இன்னொன்றையும் கேளும். பதின்மூன்றாம் திகதி வெள்ளி திரும்பவும் நின்றது, திரும்பவும் அழைப்பு வந்தது. வதனரூபிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. கூடாரத்துக்குள். நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா கத்துகிறா: "மிளகும் திப்பிலியும் கிடைச்சா அவிச்சுக் குடி பிள்ளை! பெத்த வயிறு ஆறும்!" பிறகு அவள் சொன்னாள், "அம்மா, தண்ணியே இல்லை."

அதற்குப் பிறகு வந்து, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லவேண்டுமோ? நீர் வந்து சொல்லும், பார்ப்போம்.

மங்கை


ஹ்விடோவ்ரே
11 மார்ச் 2009

மச்சாள்,

"நீர் வந்து சொல்லும்" என்று நீங்கள் எழுதியதால் சொல்லத் துணிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பவளராணி அக்காவின் இலக்கத்தை உங்கள் தம்பியிடம் வாங்கி அழைத்தேன்.

முதல் மணி முடியும் முன்பே எடுத்தார். "ரூபி! சொல்லு பிள்ளை, ரூபி! கேக்குது, சொல்லு!"

நான் என் பெயரைச் சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக, "வையுங்கோ தங்கச்சி. லைனை விடுங்கோ" என்றார்.

வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டுதான் அழைத்திருந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் மேசையில் இருக்கிறது.

என் டெனிஷ் கடிதத்தின் பிரதியைத் திரும்ப வாசித்தேன். உங்கள் மேல் எனக்கிருந்த கோபத்தை இன்னொருவரின் நோய்க்குள் எழுதியிருக்கிறேன். அந்த வரி தேவையே இல்லை. புதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. வயது, நின்ற வருடம், தொடங்கிய திகதி, பரிசோதனை தேவை. நான்கே வரி. நீங்களும் இல்லை, கஷாயமும் இல்லை.

பின்னேரக் கோப்பியை விட்டு மூன்று கிழமை ஆகிறது. நித்திரை வருகிறது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை என்பதால் எழுதுகிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் பிழை என்று நான் நினைக்கவில்லை, மச்சாள். இந்த ஒன்றில் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நிரஞ்சலா


பிரெடெரிசியா
19.04.2009

நிரஞ்சலா,

உம்முடைய நான்கு வரியையும் அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய கடிதத்தைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. அக்கா ஏசவில்லை. வாங்கி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினா.

"எல்லாம் முடியட்டும் மங்கை. இப்ப போனா உள்ளுக்க விட்டுச் சுரண்டுவினம். சுரண்டினா இன்னும் படும். நான் எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"

"உங்கட உடம்பக்கா!"

"என்ர உடம்பு இஞ்சதானே இருக்கு, ஓடியோ போகுது? பிள்ளையெல்லோ ஷெல்லுக்குள்ள நிக்குது."

இதுக்குப் பதில் உமக்குத் தெரிந்தால் எழுதும்.

மார்ச் இருபத்தேழுக்குப் பிறகு அழைப்பு இல்லை. இரத்தமும் நிற்கவில்லை. மூன்று வெள்ளி வீட்டிலேயே இருந்தா. ஆகக் கடுமையாய் ஒன்று தா என்று என் கையைப் பிடித்துக் கேட்டா. நான் கஷாயத்தை நிறுத்திவிட்டேன். அவ நிறுத்தவில்லை. தமிழ்க் கடையில் மாதுளம்பழத்தைப் பெட்டியோடு வாங்கி, பழத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத் தோலைத் தானே அவித்துக் குடிக்கிறா. பக்கத்து வீட்டு டெனிஷ் மனுசி என்னைக் கண்டு நன்றி சொல்லுகிறாள்.

மெலிந்துவிட்டா. அவவின் அறைக்குள் போனால் ஒரு மணம். நான் பதின்மூன்று வருடமாகப் பெண்களின் இரத்தத்தைப் பற்றிக் கதைத்து வருகிறவள். இது அந்த மணம் இல்லை. உமக்கு விளங்கும். வேறு யாருக்கும் நான் இதை எழுதவில்லை.

மங்கை


பிரெடெரிசியா
21.05.2009

நிரஞ்சலா,

திங்கட்கிழமை தொலைக்காட்சியில் எல்லாம் முடிந்தது என்று காட்டினார்கள். நீரும் பார்த்திருப்பீர். செவ்வாய் காலையில் போனேன். அக்கா குசினியில் நிலத்தில் இருந்தா. கீழே ஐந்தாறு துவாய் விரித்திருந்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை.

"இனி எதுக்காக நிக்கோணும்? கூட்டிக்கொண்டு போ" என்றா.

உம்முடைய நான்கு வரியை எடுத்துக்கொண்டு நேரே போனோம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கான் செய்து சதைத் துண்டும் எடுத்தாயிற்று. இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டுமாம். ஜூன் பதினேழாம் திகதி புதன்கிழமை முடிவு சொல்லுவார்கள்.

தொல்க்காக யார் வேண்டும் என்று கேட்டதற்கு அக்கா உம்மைச் சொன்னா. "அந்தப் பிள்ளை இருக்கிறதை இருந்தபடி சொல்லும்" என்றா.

வருவீரோ?

மங்கை


ஹ்விடோவ்ரே
20 ஜூன் 2009

அன்புள்ள மச்சாள்,

புதன்கிழமை நீங்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பும்போது பவளராணி அக்கா காரில் பின்னால் இருந்ததால் நாம் ஒன்றும் பேசவில்லை. என்னை ரயில் நிலையத்தில் இறக்கும்போது என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டீர்கள். நான் கையை மட்டும் அசைத்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வைத்தியர் இளம் பெண். மெதுவாகப் பேசினார். புற்றுநோய் என்று சொன்னார். நானும் புற்றுநோய் என்றே சொன்னேன், வேறு சொல் தேடவில்லை. கருப்பையைக் கடந்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது. சத்திரசிகிச்சையால் பயன் இல்லை. மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடலாம். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மழை வருமா என்று வானிலை அறிக்கை கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, "மங்கையின்ர மருந்தாலயோ இது வந்தது எண்டு கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். வைத்தியர் இரண்டு வசனம் சொன்னார். அந்தக் கஷாயத்தால் இது வரவில்லை என்பது முதலாவது. ஜனவரியில் வந்திருந்தால் அநேகமாக ஒரு சத்திரசிகிச்சையோடு முடித்திருக்கலாம் என்பது இரண்டாவது.

நான் முதலாவதை மட்டும் தமிழில் சொன்னேன். "இல்லையாம் அக்கா. அதால வரேல்லையாம்." அவர் தலையாட்டினார். "அது போதும்" என்றார்.

என் வேலையில் ஒரு முடிவையும் நான் பாதியாக எழுதிக் கொடுத்ததில்லை. இருக்கிறதை இருந்தபடி சொல்வேன் என்று என்னை நம்பிக் கூப்பிட்டவருக்குப் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதி உங்களுக்கு வேதனை தரும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உங்களிடம் வரும் பதினான்கு பேருக்கும் அது தேவை. அதில் என் பங்கும் இருக்கிறது. பெப்ரவரியில் நான் ஒழுங்கான கடிதம் எழுதியிருந்தால், உங்கள் லாச்சிக்குள் அது ஐந்து வாரம் கிடந்திருக்காது. அவர் அப்போதும் போயிருக்க மாட்டார் என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

முகாம் பட்டியல்களை உங்கள் தம்பி ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். வதனரூபியின் பெயர் இன்னும் இல்லை.

நிரஞ்சலா


பிரெடெரிசியா
28.06.2009

அன்புள்ள நிரஞ்சலா,

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் உம்மை ஏசினேன். பிறகு ஏசுகிறதுக்கு ஆள் கிடைக்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. ஒன்பது பேர் வந்தார்கள். மற்றவர்களுக்குக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது போல. வந்தவர்களை இருத்தி, தேத்தண்ணி கொடுக்கும் முன்பே கேட்டேன்: "நிண்ட பிறகு ஆருக்கும் பட்டதோ? ஒரு துளியெண்டாலும்?" எழும்பிப் போகும்போது ஒருத்தி கதவடியில் நின்றுவிட்டாள். அவளோடு நாளைக்குப் போகிறேன். வேறு ஊரிலிருந்தாவது பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று நானே தொலைபேசியில் சண்டை பிடித்து எடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அக்கா கோயிலுக்குப் போக வேண்டும் என்றா. காரில் கூட்டிக்கொண்டு போனேன். வாசலுக்குக் கிட்ட நிறுத்தியதும், "நான் இதுக்குள்ளயே இருக்கிறன். நீ போய் விளக்கைப் போட்டிட்டு வா" என்றா.

"வாங்கோ உள்ளுக்க."

"விசரோ? எனக்குப் படுது."

"தெரியும். வாங்கோ."

என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் போய் அவவின் பக்கத்துக் கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தா. அம்மனுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றா. விளக்குப் போட்டா. கோணேஸ்வரன் அண்ணை விபூதித் தட்டோடு வந்தார். அக்கா கையை நீட்டினா. "என்ன பவளம், கனநாளாக் காணேல்லை?" என்றார். "கொஞ்சம் சுகமில்லை அண்ணை" என்றா. ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்தது, தீபம் காட்டினார்கள், பொங்கல் தந்தார்கள்.

நிரஞ்சலா, இது அழுக்கில்லை, தீட்டில்லை என்று பதின்மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் சொல்லி வருகிறவள் நான். நீர் தீட்டு என்ற சொல்லையே நம்பாதவள். இந்த ஐந்து மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு எழுதினோம். வைத்தியரிடம் போகச் சொன்னோம், கஷாயம் கொடுத்தோம், கடிதம் எழுதினோம். இருக்கிறபடியே கோயிலுக்குள் போங்கோ என்று ஒருத்திகூட அவவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவவுக்கு என் மருந்து எதற்கு? எனக்கு அது தோன்றவே இல்லை. உமக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது அக்கா முன்சீட்டில் பொங்கலை மடியில் வைத்துக்கொண்டு வந்தா. அவ மாதங்களைத் தை, மாசி என்றுதான் சொல்லுவா. இந்த நாட்டில் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் துப்புரவு செய்தும் அது மாறவில்லை. நீர் தமிழில் சொல்லாமல் விட்ட வசனம் அந்த அறையிலேயே அவவுக்கு விளங்கியிருக்கிறது. வைத்தியர் ஜனவரிக்குச் சொன்ன அந்த டெனிஷ் சொல்லாலேயே, றோட்டைப் பார்த்தபடி எனக்குச் சொன்னா:

"இதை நீ யனுவாரிலயே சொல்லியிருக்கலாமே, மங்கை."

மங்கை